டான்ஷினோன்: ஒரு சிவப்பின் பெயர் வரலாறு

ஊட்டி மலர்க் கண்காட்சியில் செங்கதிர் போல நிமிர்ந்து நிற்கும் சால்வியாவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கடையில் வாங்கும் சியா விதையும் ஒரு சால்வியாதான். துளசிக் குடும்பத்தின் மிகப் பெரிய பேரினம் இது. பெயர் லத்தீன், 'நலமான, ஊறில்லாத' என்று பொருள்படும் 'சால்வுஸ்' அதன் அடி. அதே சொல் பிரெஞ்சுக்காரர் நாவில் தேய்ந்து, ஆங்கிலத்தில் 'சேஜ்' ஆயிற்று. முனிவரைக் குறிக்கும் 'சேஜ்' வேறு அடியில் பிறந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க.

இங்கே பேசவிருப்பது சீனத்துச் சால்வியா. அங்கே அதன் வேருக்கு 'டான்ஷென்' என்று பெயர். 'டான்' என்றால் சாதிலிங்கம், அதன் வழியே சிவப்பு. சீன இரசவாதிகள் சாகாமருந்து தேடிச் சாதிலிங்கத்தைப் புடமிட்டதால், அதே எழுத்து மருந்துக் குளிகையையும் குறிக்கலாயிற்று. சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு இந்தப் பொருள் விரிவு வியப்பாக இராது. 'ஷென்' பருத்த மருந்து வேர்கள் பலவற்றுக்குப் பொதுப்பெயர். ஜின்செங்கின் 'செங்' இதுவேதான். ஆனால் அந்த இரண்டு செடிகளும் வெவ்வேறு குடும்பத்தவை.

16ஆம் நூற்றாண்டு மருத்துவர் லி ஷிசென், தம் 'பென்சாவோ காங்மு' நூலில் ஐந்து ஷென்களை ஐந்து நிறங்களோடும் ஐந்து உறுப்புகளோடும் பொருத்தினார். சிவப்பு ஷென் இதயத்துக்கு. இன்றும் சீனாவில் டான்ஷென் இதய நோய்க்கே பெரிதும் வழங்குகிறது. 'பார்த்தீர்களா, முன்னோர் அன்றே சொன்னார்கள்' என்று கிளம்புபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிறப்பொருத்தம் ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்கத் தூண்டியிருக்கலாம். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

1833இல் இச்செடிக்குத் தாவரவியல் பெயர் சூட்டியவர், பீகிங் வரை சென்று செடிகள் சேகரித்த அலெக்சாண்டர் புங்கே. 'சால்வியா மில்டியோரைசா' என்றார். கிரேக்கத்தில் 'மில்டோஸ்' காவிமண், 'ரைசா' வேர். சீனர் சாதிலிங்கம் கண்ட இடத்தில் அவர் காவியைக் கண்டார்.

அந்தச் சிவப்பு எதனால் என்பதற்கு விடை 1934இல் வந்தது. நகாவோ, ஃபுகுஷிமா என்ற ஜப்பானிய வேதியியலர்கள் வேரிலிருந்து நிறப்பொருள்களைப் படிகங்களாகப் பிரித்து 'டான்ஷினோன்' என்று பெயரிட்டார்கள். முன்பாதி வேரின் பழைய பெயர். கடைசி 'ஓன்', அசிட்டோனிலும் கீட்டோனிலும் வருகிற அதே விகுதி. கார்பனோடு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் இருப்பதைச் சொல்வது. குயினோன் வகையான இந்த அமைப்புதான் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. ஆக, சாதிலிங்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் வேதியியல் வால் ஒன்று முளைத்தது.

பிரிக்கும் முறை சொல்வதற்கு எளிது. டான்ஷினோன்கள் பெரும்பாலும் வேரின் மேல்தோலில் இருக்கின்றன, உள்ளே வெளிறிப்போயிருக்கும். உலர்ந்த வேரைப் பொடித்து எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, குறைந்த அழுத்தத்தில் சாராயத்தை ஆவியாக்கினால் கருஞ்சிவப்புப் பிசின் மிஞ்சும். அதை சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயின் தலையில் ஏற்றிக் கரைப்பானை ஊற்றுவார்கள். சிலிக்காவைக் குறைவாகப் பற்றும் பொருள் முதலில் இறங்கும், இறுகப் பற்றுவது பின்தங்கும். பாடநூல்கள் வண்ணப்பிரிகை என்று சொல்வது இதைத்தான். பல சேர்மங்களுக்கு இன்று அந்தப் பெயர் பொருந்துவதில்லை, அவை நிறமற்றவை. இங்கே செம்பட்டையும் ஆரஞ்சுப் பட்டையும் கண்ணெதிரே இறங்குகின்றன. டான்ஷினோன் ஒன்று, இரண்டு-ஏ, கிரிப்டோடான்ஷினோன் என்று ஒரு குடும்பமே வெளிவந்தது. 'கிரிப்டோ' என்றால் மறைந்த.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. சீனர் டான்ஷெனைக் காலங்காலமாகப் பெரும்பாலும் நீரில் காய்ச்சிக் குடித்தார்கள். டான்ஷினோனோ நீரில் கரைவதே அரிது. வேரின் பெயரைத் தாங்கிய பொருளில் பெரும்பகுதி கஷாயச் சக்கையில் தங்கிவிட்டது! (ஊசிமருந்தாக ஏற்ற வேண்டி, சீன வேதியியலர்கள் பிற்பாடு இரண்டு-ஏ வகையோடு சல்போனேட்டைச் சேர்த்து நீரில் கரையவைத்தார்கள்.) கோப்பைக்குள் போனவை வேறு சேர்மங்கள். வேருக்குச் சிவப்பைத் தராத அவற்றின் பக்கம் ஆய்வாளர் கவனம் திரும்ப 1980களாயிற்று. அவற்றில் ஒன்றுக்கு லத்தீன் வழியே 'சால்வியனாலிக் அமிலம்' என்று பெயர். இன்னொன்றுக்கு 'டான்ஷென்சு', அதாவது டான்ஷெனின் சாரம். இந்தப் பெயர் டான்ஷினோனுக்குச் சற்றே குத்தலாகவும் படுகிறது.

அளவிலும் அவையே மிகுதி. சீன அரசின் மருந்து நூல் கேட்கும் குறைந்தபட்ச அளவைப் பாருங்கள்: ஒரு கிலோ உலர்வேரில் முக்கிய டான்ஷினோன்கள் மூன்றும் சேர்ந்து 2.5 கிராம், சால்வியனாலிக் அமிலம்-பி மட்டும் 30 கிராம். நிறம்தான் முதலில் வேதியியலரைக் கூப்பிட்டது. பெயரும் அதற்கே போயிற்று.

இத்தனை பெயர்களால் நடைமுறையில் ஒரு தொல்லை. டான்ஷென், டான்ஷினோன், சீன சேஜ், ரெட் சேஜ், சால்வியா சாறு என்று புட்டியில் எதை அச்சிட்டிருந்தாலும் மூலம் இந்த ஒரே வேராக இருக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் வார்ஃபரினின் வேலையை இந்த வேர் கூட்டிவிடுவதும், அதனால் நோயாளிகளுக்கு இரத்தக்கசிவு ஏற்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வார்ஃபரின் எடுப்பவர்கள் இப்பெயர்களில் எதைக் கண்டாலும், வாங்கும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.