முனை இல்லாத அம்பு



அம்பு முனையைப் பற்றி ஒரு நினைவுப் பேருரையா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். முயலுக்கும் காடைக்கும் எந்த முனை வைப்பது என்பதில் என்ன அரசியல் இருக்கிறது? ஒரு மனிதரின் கை செய்த வேலையை வைத்து இதற்குப் பதில் தேடலாம் என்று நினைக்கிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். ஆனால் அவருக்கு நடந்தவற்றில் பல நமக்குப் புதியவை அல்ல.

1911 ஆகஸ்ட் 29 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்கு அருகே, ஒரு ஆடுமாடு வெட்டும் தொட்டியின் வேலியோரம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பசியால் சுருண்டு கிடந்தார். துக்கத்துக்காகத் தலைமுடியைப் பொசுக்கியிருந்தார். ஊர்க்காவலர் அவரைச் சிறையில் வைத்தார். ‘கடைசிக் காட்டு இந்தியன்’, ‘கற்கால மனிதன்’ என்று பத்திரிகைகள் எழுதின. மானுடவியலாளர்கள் ஆல்ஃபிரட் குரோபரும் தாமஸ் வாட்டர்மனும் அவரைச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். தன் பெயரைத் தானே சொல்வது அவர் வழக்கம் அல்ல. எனவே குரோபர் ‘இஷி’ என்று அழைத்தார். யானா மொழியில் அதற்கு ‘மனிதர்’ என்று பொருள். உலகம் அறிந்த பெயர் அதுதான். சொந்தப் பெயர் அவரோடு போயிற்று. (அதே 1911இல்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரு மக்கள் கூட்டத்துக்கு வெளியிலிருந்து பெயர் சூட்டுவது என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.)

இஷி யாஹிகளில் ஒருவர். யாஹிகள் யானா மக்களின் தெற்குக் கிளை. 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தபோது அங்கே பூர்வகுடிகள் சுமார் 1,50,000 பேர் இருந்தார்கள். 1870 வாக்கில் சுமார் 30,000 பேர். நோயும் பசியும் கொன்றன. குடியேறிகளின் துப்பாக்கிகளும் கொன்றன. வேலையின்றித் திரிவதாகக் காட்டி ஒரு இந்தியரைப் பிடித்து, கூலிக்கு ஏலம் விடலாம் என்று 1850இலேயே அந்த மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் பெயரில் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லும் இருந்தது.

கொலைகளுக்குத் தப்பிய சில யாஹிகள் மில் க்ரீக், டீர் க்ரீக் ஓடைகளின் பள்ளத்தாக்குகளில் சுமார் நாற்பது ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். அம்பு முனை இங்கேதான் வருகிறது. துப்பாக்கி வெடித்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். வில் சத்தம் போடாது. ஒளிந்திருப்பவர்கள் மானைத் தேடி வெகுதூரம் அலையவும் முடியாது. பக்கத்தில் கிடைக்கும் முயல், அணில், காடை, ஓடை மீன் இவற்றை நம்பித்தான் நாளை ஓட்ட வேண்டும்.

முயலுக்குக் கல்முனை தேவையில்லை. இது வேட்டை தெரிந்தவர்களுக்குச் சாதாரணக் கணக்கு. எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செய்த முனை கத்தியைவிடக் கூர்மையானது. மானின் தோலையும் தசையையும் அறுத்து இரத்தம் வடியச் செய்யும். ஆனால் அது எளிதில் நொறுங்கும். குறி தப்பித் தரையிலோ பாறையிலோ பட்டால் முனை போயிற்று. முனையைச் செதுக்கவே சுமார் அரை மணி நேரம். பிறகு பிசின் வைத்து, மென்று பதப்படுத்திய மான் நரம்பால் தண்டோடு சுற்றிக் கட்ட வேண்டும். ஒரு காடைக்காக இத்தனை உழைப்பைப் பணயம் வைக்க முடியுமா? எனவே சிறு பிராணிகளுக்கு மழுங்கிய மரமுனை போதும். நுனி பிளக்காமல் இருக்க அதில் நரம்பைச் சுற்றினால் வேலை முடிந்தது. மழுங்கல் முனை அறுக்காது, அடிக்கும். அடியின் அதிர்ச்சியிலேயே முயல் விழும். கறியும் தோலும் சிதையாது. மரத்திலிருக்கும் பறவையை நோக்கி விட்டாலும் கிளையில் குத்தி மாட்டிக்கொள்ளாமல் கீழே விழுந்துவிடும், எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். நம் ஊர்களில் உண்டிவில்லில் களிமண் உருண்டை வைத்துக் குருவி அடித்ததும் இதே கணக்கில்தான்.

முனையைவிட முக்கியம், கிட்ட நெருங்குவது. இஷி விரல்களை உதட்டில் வைத்து முத்தமிடுவதுபோல் உறிஞ்சி, அடிபட்ட முயல் கீச்சிடும் ஒலியை எழுப்புவாராம். முயல்கள் அருகே வரும். சில சமயம் முயலைத் தின்ன நினைக்கும் காட்டுப்பூனையும் வரும். இதை நேரில் பார்த்து எழுதியவர் சாக்ஸ்டன் போப். அருங்காட்சியகத்துக்கு அருகிலிருந்த மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் அவர். இஷிக்கு வைத்தியம் பார்க்க வந்து வில்வித்தைக்கு மாணவரானார்.

இஷி கல்முனை செய்யும் விதத்தையும் போப் விரிவாகப் பதிந்திருக்கிறார். இடது உள்ளங்கையில் ஒரு தோல்துண்டு, அதன்மேல் கல்சில்லு. வலது கையில் நுனியில் மான்கொம்பு கட்டிய குச்சி. விளிம்பில் கொம்பை வைத்து அழுத்தினால் மீன் செதில்போல ஒரு சிம்பு தெறிக்கும். திருப்பிப் பிடித்து மறுபக்கம் ஒரு அழுத்து. தட்டுவது இல்லை, அழுத்துவதுதான். கண்ணில் தூள் விழுந்தால் கீழிமையை இழுத்துப் பிடித்து, தலையைக் குனிந்து, உச்சந்தலையில் தட்டி உதிர்த்துவிடுவார். ‘கற்கால மனிதன்’ விரும்பிச் செதுக்கிய பொருள்களில் ஒன்று பாட்டில் கண்ணாடி. வெள்ளையர்கள் வீசிய புட்டிகளைப் பார்த்த உடனே அவை நல்ல ‘கல்’ என்று யாஹிகளுக்குத் தெரிந்துவிட்டது. புதிய பொருளைச் சோதித்து, தரம் அறிந்து, தன் தொழிலுக்குள் இழுத்துக்கொள்வதை வேறு யாராவது செய்திருந்தால் அதற்குத் தொழில்நுட்பம் என்றே பெயர் வைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர் முன் இஷி முனைகள் செய்து காட்டினார். செய்தவற்றைக் கொடுத்தும் விட்டார். பேராசிரியர்களுக்கு மொழியும் கதையும் கற்பித்தார். ஒரு அறுவை மருத்துவருக்கு வில் கற்பித்தார். அருங்காட்சியகத்தின் சம்பளப் பட்டியலில் அவர் என்னவாக இருந்தார் தெரியுமா? உதவித் துப்புரவாளர். மாதம் 25 டாலர். சாதி என்பது உழைப்பைப் பிரிப்பது மட்டுமல்ல, உழைப்பவர்களைப் பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதினார். சாதி இல்லாத அந்த நாட்டிலும் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆசானிடம் துடைப்பம்தான் கொடுக்கப்பட்டது. குரோபர் அவரிடம் உண்மையான அன்பு வைத்திருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்பு இருந்தும் பட்டியல் அப்படித்தான் இருந்தது.

போப்பின் வேட்டை வில் நூல் 1923இல் வந்தது. அமெரிக்காவின் நவீன வில்வேட்டை விளையாட்டு அவரையும் அவர் நண்பர் ஆர்தர் யங்கையும் முன்னோடிகளாகக் கொண்டாடுகிறது. அவர்கள் பெயரால் இயங்கும் சங்கம் இஷி பெயரில் ஒரு விருதும் தருகிறது. எதற்கு? மிகச் சிறந்த பெருவிலங்கு வேட்டைக்கு. கொம்பை அளந்து கொடுக்கிறார்கள்! அவருடைய மக்களின் வயிற்றை நிரப்பிய முயலுக்கும் மழுங்கல் அம்புக்கும் அங்கே இடமில்லை. அருங்காட்சியகங்களும் இதையே செய்கின்றன. பளபளக்கும் கண்ணாடி முனை கண்ணாடிப் பேழைக்குள் போகிறது. அன்றாடச் சோற்றுக்கான மரக்குச்சி மண்ணில் மக்குகிறது. எஞ்சியதை மட்டும் வைத்து எழுதினால் வேட்டைச் சமூகம் என்றாலே வீர ஆண்கள் மானைக் குத்தும் சித்திரமாகிவிடும். நம் சேரிகளின் உணவு வரலாற்றை எழுத வருகிற மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எஞ்சிய முனைகளும் ஊமையல்ல. இஷி செய்த முனைகளைத் தொல்லியலாளர் ஸ்டீவன் ஷாக்லி ஆராய்ந்து 2000இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றின் வடிவம் யாஹி இடங்களில் கிடைத்த முனைகளைவிட, அண்டை மக்களான விண்டு, நோம்லாக்கி முனைகளையே அதிகம் ஒத்திருந்தது. துரத்தப்பட்ட மக்கள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வாழ்ந்திருக்கலாம். வேறு இனத்து உறவினர் ஒருவரிடம் இஷி தொழில் கற்றிருக்கலாம் என்பது ஷாக்லியின் ஊகம். ‘கலப்பற்ற கடைசி யாஹி’ என்ற பட்டத்தை அவர் கேட்டு வாங்கவில்லை. தூய்மை யாருக்குத் தேவைப்பட்டது என்பது யோசிக்க வேண்டியது. கடைசி ஆள் என்றால் வாரிசு இல்லை. வாரிசு இல்லையென்றால் உடலைக் கேட்டு வர யாரும் இல்லை.

1916 மார்ச் 25 அன்று இஷி காசநோயால் இறந்தார். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று வெளியூரிலிருந்து குரோபர் எழுதியும் அது நடந்தது. மூளையை எடுத்துவிட்டார்கள். சவப்பெட்டிக்குள் ஒரு வில், ஐந்து அம்புகள், ஒரு கூடை ஓக் கொட்டை மாவு, சிப்பிக் காசு, புகையிலை, மூன்று மோதிரங்கள், கொஞ்சம் எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள் வைத்து எரியூட்டினார்கள். மூளையை அடுத்த ஆண்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பியவர் அதே குரோபர்தான்.

80 ஆண்டுகளுக்கும் மேலாக அது அங்கே ஒரு தொட்டியில் கிடந்தது. கலிபோர்னியப் பூர்வகுடிகள் 1990களின் இறுதியில் தேடத் தொடங்கினார்கள். யானா வழிவந்தவர்கள் ரெட்டிங் ரான்செரியாவிலும் பிட் ரிவர் மக்களிடையேயும் வாழ்கிறார்கள் என்பதை ஸ்மித்சோனியன் ஏற்றுக்கொண்டது. 2000 ஆகஸ்டில் அவர்கள் வந்து பெற்றுச் சென்றார்கள். சாம்பலையும் சேர்த்து, அவர் வாழ்ந்த மலைப்பகுதியில் புதைத்தார்கள். எந்த இடம் என்று அவர்கள் வெளியே யாருக்கும் சொல்லவில்லை.