ஆன் என்றொரு பொம்மை

போன வாரம் ஆபீஸ்ல முதலுதவிப் பயிற்சி. தரையில ஒரு பொம்மையைப் படுக்க வச்சு, "நெஞ்சை அமுக்குங்க, வாயில ஊதுங்க"ன்னாங்க. ஒருத்தன் "மொதல்ல பொண்ணு வீட்ல பேசிடலாமே"ன்னான். ஒரே சிரிப்பு. நானும்தான். வீட்டுக்கு வந்து அந்தப் பொம்மையோட கதையைத் தேடிப் படிச்சப்புறம் சிரிப்பு வரலை.

1950கள் வரைக்கும், மூச்சு நின்னவங்களைக் குப்புறப் படுக்க வச்சு முதுகை அமுக்கி, கையைத் தூக்கி இறக்குறதுதான் பாடம். அதுல நுரையீரலுக்குக் காத்து சரியாப் போறதில்லைன்னு காட்டினவங்கள்ல முக்கியமானவர் பீட்டர் சஃபர். ஆஸ்திரியாவுல பிறந்து அமெரிக்காவுக்குப் போன மயக்க மருந்து நிபுணர். 1957ல பால்டிமோர்ல அவர் செஞ்ச சோதனை கொஞ்சம் திகிலானது. தாங்களாவே முன்வந்த மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் மருந்து குடுத்து, தசைகளைச் செயலிழக்க வச்சு, மூச்சை நிறுத்திட்டு, மத்தவங்களை வாயோட வாய் வச்சு ஊதச் சொன்னார். அந்தக் காத்தே போதுமானதா இருந்துச்சு. 1960ல அதே ஊர்ல, ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல, கௌவன்ஹோவன் குழு நெஞ்சை வெளியிலிருந்து அமுக்கியே ரத்தத்தை ஓட வைக்கலாம்னு கட்டுரை எழுதினாங்க.

சரி, முறை கெடைச்சாச்சு. பழகுறது எப்படி? நல்லா இருக்கறவன் நெஞ்சை அமுக்கினா விலா எலும்பு போயிடும். எங்க பாஷையில சொன்னா, டெஸ்ட் சர்வரே இல்லாம நேரா ப்ரொடக்‌ஷன்ல கை வைக்கிற கதை.

இங்கதான் ஒரு பொம்மை வியாபாரி வர்றார். நார்வேயில ஸ்டவாங்கர் ஊர்க்காரர், ஆஸ்மண்ட் லேர்டால். மெதுவான பிளாஸ்டிக்ல குழந்தைகளுக்குப் பொம்மை பண்றவர். அவரோட ரெண்டு வயசுப் பையன் தண்ணியில மூழ்கி, இவரே தூக்கி, உள்ள போன தண்ணியை வெளியேத்திப் பிழைக்க வச்சிருக்கார். அப்படிப்பட்டவர்கிட்ட மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் லிண்ட் போய், பழகுறதுக்கு ஒரு ஆள் உயரப் பொம்மை வேணும்னா, மாட்டேன்னா சொல்லுவார்? 1960ல பொம்மை தயார். நெஞ்சுக்குள்ள ஒரு ஸ்பிரிங் வைக்கச் சொன்னது சஃபர்.

முகத்துக்குத்தான் யோசனை. ஆம்பளை முகம்னா ஆம்பளைங்க வாய் வைக்கத் தயங்குவாங்கன்னு பெண் முகமா வச்சார். (அந்தக் காலத்து நியாயம்!) சொந்தக்காரங்க வீட்டுச் சுவர்ல தொங்கின ஒரு முகமூடி ஞாபகத்துக்கு வந்துச்சாம். பாரிஸ்ல சீன் நதியில மூழ்கிச் செத்த, பேர் தெரியாத பொண்ணோட முகம்னு 19ஆம் நூற்றாண்டிலேர்ந்து ஒரு கதை. தண்ணியில செத்த முகம் இவ்ளோ அமைதியா இருக்காதுன்னு சந்தேகப்படறவங்களும் உண்டு. எனக்கும் சந்தேகம்தான். எப்படியோ, யாருன்னே தெரியாத அந்தப் பொண்ணு முகத்துல வாய் வச்சுத்தான் உலகம் பூரா டாக்டருக்குப் படிக்கிறவங்க மூச்சு குடுக்கப் பழகியிருக்காங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க சித்தப்பா கூடத்துல சரிஞ்சப்ப பத்துப் பேர் சுத்தி நின்னோம். தண்ணி தெளிச்சோம், விசிறினோம், உள்ளங்காலைத் தேச்சோம். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம். மூச்சில்லாம நாலஞ்சு நிமிஷத்துல மூளை பாதிக்க ஆரம்பிச்சிடும்னு அன்னிக்கு எங்க யாருக்கும் தெரியாது.

நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, அஞ்சு செ.மீ. ஆழம். ரெண்டு நிமிஷத்துலயே எனக்குக் கை விட்டுப்போச்சு. அடுத்த மாசம் மறுபடி பயிற்சி இருக்காம். சித்தப்பா பையனையும் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டிருக்கேன்.