மறதியிலும் ஏற்றத்தாழ்வு: நலவாழ்வுக் கணக்கெடுப்புகளின் நம்பகத்தன்மை

1. ஆய்வுப் பொருள்

இந்தியாவில் மக்கள் எத்தனை முறை மருத்துவரிடம் போகிறார்கள் என்பதற்கு முழுமையான பதிவேடு இல்லை. ஆகவே வீடு வீடாகச் சென்று கேட்டறிய வேண்டியிருக்கிறது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆவது சுற்று (ஜூலை 2017 – ஜூன் 2018) 1,13,823 குடும்பங்களிடம் இவ்வாறு கேட்டது. இத்தகைய விடைகளில் நேரும் பிழை யாரைப் பாதிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. பிழையின் வகைகள்

அச்சுற்றில் நோய்க்குக் கடந்த 15 நாள்களும், மருத்துவமனையில் தங்கியதற்குக் கடந்த 365 நாள்களும் கேள்விக் காலமாக வகுக்கப்பட்டன. பிழை மூன்று வழிகளில் நுழைகிறது.

அ) மறதி: அறுவை சிகிச்சை நினைவில் நிற்கும், இரண்டு நாள் காய்ச்சல் நிற்காது.

ஆ) காலமயக்கம்: பதினான்கு மாதங்களுக்கு முன் மருத்துவமனையில் சேர்ந்தவர் ‘போன வருஷம்தான்’ என்பார், அது கணக்கில் கூடுதலாக ஏறிவிடும்.

இ) பிறர்வழி விடை: பகலில் வீட்டிலிருக்கும் தாயே எல்லோருக்காகவும் பதில் சொல்கிறார். மகன் வேலைக்குப் போன இடத்தில் ஊசி போட்டுக்கொண்டது அவருக்குத் தெரிந்திருக்காது.

3. டெல்லி தரும் சான்று

ஜிஷ்ணு தாஸ், ஜெஃப்ரி ஹேமர், கரோலினா சான்செஸ்-பாராமோ ஆகியோர் 2000 முதல் 2002 வரை டெல்லியில் 1,621 பேரைத் தொடர்ந்து கவனித்தனர். 2008-இல் கேள்விக் காலத்தை மாற்றிச் சோதனையும் நடத்தினர். வாராவாரம் கேட்டபோது, பணக்காரர்களைவிட ஏழைகளே மருத்துவரிடம் அதிகம் போயிருந்தார்கள். ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கேட்டபோது இந்த வரிசை தலைகீழானது. ஏழைகளுக்கு நோய் அன்றாட வாழ்வின் பகுதியாகிவிட்டதால் தனி நிகழ்வாக மனத்தில் தங்குவதில்லை என்பது ஆய்வாளர்களின் கருதுகோள்.

4. உணர்தலும் சொல்லுதலும்

2002-இல் பொருளியலாளர் அமர்த்தியா சென் இத்தகைய விடைகளில் உள்ள இன்னொரு சிக்கலைச் சுட்டினார். ஆயுட்காலம் மிகுந்த கேரளத்தில் நோயுற்றதாகச் சொல்வோர் மிக அதிகம். மருத்துவ வசதி குன்றிய பீகாரில் மிகக் குறைவு. கல்வியும் மருத்துவ வசதியும் உள்ள இடத்தில்தான் நோய் நோயாக அடையாளம் காணப்படுகிறது.

5. முடிவு

மறதி எல்லோருக்கும் ஒரே அளவில் இருந்தால் கணக்கு குறையுமே தவிர, ஒப்பீடு கெடாது. அது ஏழைகளிடம் மிகுவதால், அவர்களின் தேவை ஏட்டில் சுருங்கிவிடுகிறது. எனவே வெளிநோயாளிச் சிகிச்சையை ஒரு வாரத்துக்கு மட்டும் கேட்க வேண்டும். இயன்றவரை உரியவரிடமே விடை பெற வேண்டும். ஒரு பகுதி விடைகளையேனும் மருத்துவமனைப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். ஏழைகள் மருத்துவம் நாடுவதில்லை என்று முடிவுகட்டும் முன், அவர்களிடம் எத்தனை நாள் கணக்குக் கேட்கப்பட்டது என்பதைத் திட்டம் வகுப்போர் பார்த்தாக வேண்டும்.