எண்ணிக்கைக்கு அப்பால்

1918-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இன்புளுயன்சா என்னும் கொள்ளைக் காய்ச்சல் இந்தியாவைச் சூறையாடியது. அவ்வாண்டு பருவமழையும் பொய்த்தமையால் நோயும் பசியும் ஒருங்கே வந்தன. அப்பெருந்துயரைக் கல்வியாளர் ஆராய்ந்த முறை காலந்தோறும் மாறி வந்திருப்பது நமக்கொரு படிப்பினையாகும்.

தொடக்கத்தில் இறந்தோரைக் கணக்கிடுவதிலேயே ஆய்வாளர் கருத்தூன்றினர். 1951-இல் கிங்ஸ்லி டேவிஸ் ஏறத்தாழ 2 கோடி என்றார். 1986-இல் மில்ஸ் 1.7 கோடிக்கு மேல் என்றார். 2012-இல் சித்தார்த் சந்திராவும் உடனாய்வாளரும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு ஏறத்தாழ 1.4 கோடி எனக் கணித்தனர். ஏன் இவ்வேறுபாடு? இறப்புகள் முறையாகப் பதியப்படவில்லை. எனவே 1911, 1921-ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைக் கொண்டே இழப்பை ஊகிக்க வேண்டியதாயிற்று.

பின்னர் ஆய்வின் பார்வை உயிரோடிருந்தோர்மீது திரும்பியது. உழைப்போர் குறைந்ததால் சாகுபடி குறைந்ததா என 1964-இல் தியோடர் ஷுல்ட்ஸ் ஆராய்ந்தார். அவ்வாய்வு முறையை 1967-இல் அமர்த்தியா சென் மறுத்தார். இந்தியாவில் ஆண்களினும் பெண்களே மிகுதியாக மாண்டது ஏன் என்னும் வினா, ஆய்வாளரை வீட்டின் உட்புறத்திற்கே அழைத்துச் சென்றது. நோயாளியைப் பேணியவர் யார்? இறுதியாக உண்டவர் யார்?

2020-இல் கொரோனா வந்தபோது வேலையிழப்பு, பள்ளிக் கல்வி, பெண்களின் சுமை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே ஆராயத் தலைப்பட்டனர். இது நற்போக்கே. ஆயினும் நம் விருதுநகர் மாவட்டத்தை எண்ணிப் பார்ப்போம். மார்ச் 25 முதல் நடப்புக்கு வந்த ஊரடங்கால் சிவகாசியின் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகள் மூடப்பட்டன. தீபாவளிக்குச் சில நாள்களே இருந்த நவம்பர் 9-இல், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனைக்குத் தடை விதித்தது. ஆலைத் தொழிலாளிக்கேனும் வருகைப் பதிவேடு உண்டு. வீட்டிலமர்ந்து காகிதக் குழாய் உருட்டியும் பெட்டி ஒட்டியும் துண்டுக் கூலி பெறும் தாய்மாருக்கு எந்தப் பதிவேடு சான்று கூறும்? 2021-இல் நிகழவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவ்வாண்டு நடைபெறவில்லை.

எழுதப்படாத துயரம் பிற்காலத்தில் வெறும் ஊகமாகிவிடும் என்பதே 1918 நமக்குக் கற்பிக்கும் பாடம். பங்குகளின் அடக்கப் பதிவேடுகளில் பெயரும் நாளும் நிலைத்துள்ளன. அவர்தம் இல்லங்களில் எஞ்சியோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை, நினைவு மங்குமுன் கேட்டெழுதுவது நம் கடமையன்றோ? மாண்டோரை எண்ணுவதோடு வரலாற்றின் பணி முடிவதில்லை. வாழ்ந்தோரின் பாடுகளை அறிவதும் அதன் கடனே.