கேரவனில் நடுராத்திரி ஏசி நிற்பது ஏன்? பேட்டரி முதல் ஜெனரேட்டர் வரை... முழு விளக்கம்!

2024 டிசம்பரில் கேரளாவின் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். காரணம் கார்பன் மோனாக்சைடு வாயு. வண்டியின் ஜெனரேட்டரில் இருந்துதான் அது உள்ளே வந்தது என்பதை கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களின் ஆய்வு காட்டியது.

வண்டி நின்ற பிறகும் ஏசி ஓட வேண்டும் என்பதற்காகத்தான் பெரும்பாலும் ஜெனரேட்டரைப் போடுகிறார்கள். 'பேட்டரி இருக்கே, இன்வெர்ட்டர் இருக்கே, அது போதாதா?' என்று கேட்கலாம். போதாது. ஏன் போதாது என்பது புரிந்துவிட்டால், கேரவனின் கரண்ட் விவகாரத்தில் பாதி புரிந்த மாதிரிதான்.

ஒரு வண்டி, இரண்டு கரண்ட்

சினிமா படப்பிடிப்பில் நிற்கும் கேரவனோ, டூருக்கு வாடகைக்கு எடுக்கும் வேனோ, எதிலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி. உள்ளே லைட், ஃபேன், தண்ணீர் பம்ப், ஃப்ரிட்ஜ் ஆகியவற்றுக்குத் தனியாக இன்னொரு பேட்டரி. இவை 12 வோல்ட் டிசி. ஏசி, மிக்ஸி, லேப்டாப் சார்ஜர் போன்றவற்றுக்கு வீட்டில் வருவது போல 230 வோல்ட் வேண்டும். அது வெளியே உள்ள பிளக்கில் இருந்தோ, ஜெனரேட்டரில் இருந்தோ, பேட்டரி கரண்ட்டை மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் இருந்தோ வரும்.

இரண்டு பேட்டரிகளும் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ராத்திரி முழுக்க ஃபேன் ஓடி உள் பேட்டரி தீர்ந்து போனாலும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகியாக வேண்டும். உள்ளே லைட் மங்கும்போதே ஸ்டார்ட்டரும் திணறினால், இரண்டையும் பிரிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

ஏசியின் கணக்கு

பல வீடுகளில் இருக்கும் அதே 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டை 150 ஆல் பெருக்கினால் 1,800 வாட் அவர். ஆனால் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும். ஆக, கையில் இருப்பது 900 வாட் அவர்தான். ஒரு டன் ஏசி சுமார் 1,000 வாட் எடுக்கும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியில் இருந்து 1,150 வாட் வரை போகும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டரில் ஏசியை யாரும் இணைப்பதில்லையே, அதே காரணம்தான் இங்கும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் அதே கொள்ளளவில் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம். அதிலும் ஒரு பேட்டரியை வைத்து இரவு முழுக்க ஏசி ஓட்ட முடியாது. வெயிலில் காய்ந்த தகர உடம்பு கொண்ட வண்டி அவ்வளவு சீக்கிரம் குளிராது.

ஆனால் 25 வாட் எடுக்கும் 12 வோல்ட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினாலும் 250 வாட் அவர்தான். எல்இடி லைட் ஒரு பொருட்டே இல்லை. 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு சுமார் 600 வாட் அவர் சாப்பிடும். ஆக பேட்டரி பலத்தில் ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். இன்டக்ஷன் அடுப்பு, ஹேர் டிரையர், கெட்டில் எல்லாம் ஏசி ஜாதி.

பலருக்குத் தெரியாத ஒன்று: இன்வெர்ட்டரைச் சும்மா ஆன் செய்து வைத்தாலே அது ஒன்று, இரண்டு ஆம்பியர் இழுக்கும். 'ஒண்ணுமே போடல, ஆனா பேட்டரி காலி' என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்க வாய்ப்பு அதிகம்.

பேட்டரி ஃபுல், ஆனாலும் இன்வெர்ட்டர் கத்துகிறது

இதுதான் அதிகம் குழப்பும் கோளாறு. மீட்டரில் பேட்டரி நன்றாக இருக்கிறது. மிக்ஸியைப் போட்டதும் 'பீப்' அடித்து எல்லாம் ஆஃப். உடனே பேட்டரியை மாற்றச் சொல்வார்கள். அவசரம் வேண்டாம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். லோடு ஓடும்போதே பேட்டரி முனைகளில் ஒரு முறையும், இன்வெர்ட்டரின் டிசி முனைகளில் ஒரு முறையும் வோல்டேஜ் பார்க்க வேண்டும். பேட்டரியில் 12.3 காட்டி, இன்வெர்ட்டரில் 11.2 காட்டினால் பேட்டரி மீது குற்றம் இல்லை. நடுவில் உள்ள கேபிள் மெலிதாக இருக்கிறது, அல்லது லக், ஃப்யூஸ் ஹோல்டர், எர்த் போல்ட் எங்கோ லூஸ். 12 வோல்ட்டில் ஆம்பியர் மிக அதிகம் என்பதால் சின்ன தடை கூடப் பெரிய விஷயம். 100 ஆம்பியர் போகும் இடத்தில் 0.01 ஓம் தடை இருந்தால் ஒரு வோல்ட் காணாமல் போகும். 100 வாட் சூடு அந்த ஒரே இடத்தில் இறங்கும். வண்டி ஆட்டத்தில் நட்டுகள் தளர்வது சகஜம். தீ பிடிப்பதும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

இரண்டு இடத்திலும் வோல்டேஜ் சேர்ந்தே விழுந்தால் பேட்டரிதான் பலவீனம். லோடு இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் இருந்த லெட் ஆசிட் பேட்டரி 12.7 காட்டினால் ஃபுல், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. லித்தியத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அது கிட்டத்தட்டக் காலியாகும் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். உள்ளே போவதையும் வெளியே போவதையும் எண்ணும் ஷண்ட் மானிட்டர் தேவை.

ஃப்யூஸ் போச்சு என்றால் அதே அளவு ஃப்யூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றுவதும், 15க்குப் பதில் 30 போடுவதும் வயரையே ஃப்யூஸ் ஆக்கும் வேலை.

சார்ஜ் ஏறவே இல்லையா?

நாள் முழுக்க ஓட்டியும் உள் பேட்டரி நிறையவில்லை என்ற புகார் புது வண்டிகளில் வரும். எரிபொருளை மிச்சம் பிடிக்க வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் இருந்தால், சாதாரண ரிலே போதாது. டிசி டு டிசி சார்ஜர் வேண்டும். லித்தியத்தை நேரடியாக ஆல்டர்னேட்டரில் இணைத்தால் ஆல்டர்னேட்டரே சூடாகிப் போகலாம்.

சோலார் நல்ல துணை, அவ்வளவுதான். 200 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 700 முதல் 800 வாட் அவர் தரும். மர நிழலில் நிறுத்தினால் அதுவும் போச்சு.

வெளியே பிளக் போடும்போது

ஹோம்ஸ்டே வாசலில் உள்ள 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1,380 வாட். அதில் ஏசியும் கெட்டிலும் சேர்ந்தால் டிரிப் ஆகும். 16 ஆம்பியர் பாயின்ட் கேட்பதே சரி. சுருட்டிய எக்ஸ்டென்ஷன் கேபிளை முழுக்கப் பிரித்துப் போட வேண்டும். சுருளுக்குள் சூடு தங்கி இன்சுலேஷன் உருகும். வண்டியைத் தொட்டால் 'சுருக்' என்று அடித்தால் எர்த் கோளாறு. அடுத்த நொடியே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத கேரவனை வாடகைக்கு எடுக்காமல் இருப்பதே மேல்.

ஜெனரேட்டர் போட்டுத் தூங்கலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என ஆரம்பிக்கும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. வண்டித் தளத்தில் சின்ன ஓட்டை இருந்தாலே உள்ளே வந்துவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று நம்புவது ஆபத்து, காற்று எந்தப் பக்கம் வீசும் என்பதைப் பொறுத்துப் புகை உள்ளேயே திரும்பலாம்.

தூங்கும் இடத்தின் அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று வண்டி எடுக்கும்போதே கேட்டு, டெஸ்ட் பட்டனை அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். புகை அலாரம் வேறு, இது வேறு. அலாரம் அடித்தாலோ, உள்ளே இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தாலோ, காரணம் தேடிக்கொண்டு உள்ளே நிற்காமல் எல்லோரும் வெளியே வந்து 108க்கு அழைக்க வேண்டும்.