கோழியை ஒட்டிய உறை

புரட்டாசி பிறந்துவிட்டால் பெருந்துறைப் பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களின் கணக்கு மாறிவிடும். தை, மாசியில் பொரித்த குஞ்சுகள் ஆவணிக்கெல்லாம் வெடச்சேவலாகி நிற்கும். சிறுவிடை என்றால் ஆறு மாதத்தில் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ தேறும். ஆடியில் கருப்பணசாமிக்கும் கன்னிமாருக்கும் அறுத்தது போக மிச்சமானவை, கறி எடுக்க ஆளில்லாத ஒரு மாதம் முழுக்கக் கம்பையும் சோளத்தையும் தின்றுகொண்டிருக்கும். இந்த வயதுக்கு மேல் சேவலுக்குச் சதை பிடிப்பது குறைவு, முற்றுவதுதான் அதிகம். ஒன்றையொன்று கொத்திக் கொண்டை கிழித்துக்கொள்ளும். ஐப்பசியில் தீபாவளிக்கு ஊரே கோழி கேட்டு வரும்போது, குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் வேகாத கறியைத்தான் நாம் கொடுக்க வேண்டியிருக்கும்.

பருவத்தில் அறுத்து, சுத்தம் செய்து, ஃப்ரீசரில் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் "ஃப்ரீசர்ல வெச்சதெல்லாம் ஒரு கோழியாங்க?" என்று முகம் சுளிக்காத வீடு இங்கே குறைவு. அந்தச் சுளிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். மளிகைக் கடைக் கேரிபேக்கில் சுருட்டி வைத்த கோழியை இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோலில் அங்கங்கே வெளுத்த திட்டு விழுந்திருக்கும். அந்த இடம் மட்டும் சமைத்தபின் நார்நாராக, சப்பென்று இருக்கும். ஃப்ரீசருக்குள் இருக்கும் காற்று மிக வறண்டது. கறியின் மேல் உள்ள பனி அந்தக் காற்றில் உருகாமலேயே கற்பூரம் போலக் கரைந்து போகிறது. ஈரம் போன இடத்தில் காற்று புகுந்து கொழுப்பைக் காறவைக்கிறது. ஆக, கோழியைக் கெடுப்பது பைக்குள் நாம் விட்டுவைத்த காற்று. குளிரின் மேல் பழி போடுவது நியாயமில்லை. அந்தக் காற்றை வெளியேற்றக் கண்டுபிடித்ததுதான் கோழியின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் பை.

கோழியைக் குளிரில் காக்கலாமா என்று சோதித்துப் பார்த்தவர்களில் பெயர் தெரிந்த ஒருவர், இங்கிலாந்தின் தத்துவஞானி ஃபிரான்சிஸ் பேக்கன். 1626-ல் பனி கிடந்த ஒரு நாள், லண்டனை அடுத்த ஹைகேட் வழியாக வண்டியில் போனவர், உப்பைப் போலப் பனியும் கறியைக் காக்குமா என்று யோசித்து வழியில் ஒரு பெண்ணிடம் கோழி வாங்கினார். அதன் குடலை எடுக்கச் சொல்லி, வயிற்றுக்குள் தன் கையாலேயே பனியைத் திணித்தார். அதில் குளிர் பிடித்துச் சில நாளில் இறந்துபோனார் என்று ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார். வரலாற்றாசிரியர்கள் சிலர் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால், உடல்கள் கெடாமல் காக்கும் சோதனை ஒன்றைச் செய்ததாகவும் அது நன்றாகக் கைகூடியதாகவும் பேக்கனே தன் கடைசிக் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.

அதற்குப் பின் கோழிக்கு உண்மையாகவே உழைத்தவர் ஒரு பெண். மேரி எங்கிள் பென்னிங்டன், 1872-ல் பிறந்த அமெரிக்க வேதியியலாளர். 1892-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் தராமல் வெறும் தேர்ச்சிச் சான்றிதழ் கொடுத்து அனுப்பியது. மூன்றே ஆண்டில் அதே இடத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அரசு வேலைக்கான தேர்வை, பெண் என்று தெரியாதபடி எம். இ. பென்னிங்டன் என்ற பெயரில் எழுதினார். 1908-ல் உணவு ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரானார். அந்நாளில் அங்கே கோழியை இறகு மட்டும் பிடுங்கி, குடலோடு பெட்டியிலும் பீப்பாயிலும் அடைத்து ரயிலேற்றுவார்கள். போய்ச் சேரும்போது எது நல்லது, எது கெட்டது என்று பிரிப்பதே பெரும்பாடு. பென்னிங்டன் அறுப்புக் கொட்டகைகளுக்கு நேரே போனார், குளிர்சாதன ரயில் பெட்டிகளில் பயணம் செய்து வெப்பத்தை அளந்தார். ரத்தம் முழுக்க வடிய வேண்டும், உள் சூடு முழுக்க ஆறிய பிறகுதான் பெட்டி கட்ட வேண்டும், ஆறியது மறுபடி சூடேறவே கூடாது. இதுதான் அவர் காலமெல்லாம் சொன்ன பாடம். குளிர்பதனப் பெட்டி இருக்கும் ஒவ்வொரு வீடும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அவர் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் வர வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து வந்தவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. கனடாவின் லாப்ரடாரில் இருந்தபோது, கடுங்குளிரில் பிடித்த கணமே உறைந்துபோன மீன், மாதங்கள் கழித்தும் புதுமீன் ருசியில் இருந்ததைக் கவனித்தார். மெல்ல உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் உண்டாகிச் சதையைக் கிழிக்கும். வேகமாக உறைந்தால் படிகம் சிறியது, சதை தப்பிக்கும். 1924-ல் அவர் தொடங்கிய கம்பெனியை 1929-ல் 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு விற்றார். பொட்டலம் கட்ட அவருக்கு ஈரம் புகாத செலோஃபேன் கிடைத்தது. ஆனாலும் அது மடித்துச் சுற்றும் தாள்தான். சதுரமாக வெட்டிய மீனுக்குச் சரி. தொடையும் இறக்கையும் விலாவும் மேடும் பள்ளமுமாக இருக்கும் முழுக்கோழியைச் சுற்றினால், ஒவ்வொரு பள்ளத்திலும் காற்று தங்கிவிடும்.

அந்தப் பள்ளங்களுக்கு விடை 1930-களில் பிரான்சிலிருந்து வந்தது. ரப்பர் பாலில் வார்த்த பையை இழுத்து விரித்து, உள்ளே கறியை விட்டு, காற்றை உறிஞ்சிவிட்டுக் கட்டினால், ரப்பர் தானாகச் சுருங்கி எல்லா மேடுபள்ளத்திலும் படிந்துவிடும். மாசசூசெட்ஸைச் சேர்ந்த ட்யூவி அண்ட் ஆல்மி கம்பெனி இதை எடுத்து வளர்த்தது. பின்னாளில் இது கிரையோவேக் என்று பேர் பெற்றது. அந்தக் காலத்தில் உலகத்து ரப்பர் பாலில் பெரும்பங்கு மலாயாவிலிருந்தும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும்தான் போயிற்று. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரம் சீவியவர்களில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். இந்தப் பையின் கதையில் அவர்களுக்கும் ஓர் இடம் உண்டு.

1942-ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. ரப்பர் பைக்குப் பதில் வேறொன்று தேவைப்பட்டபோது கைகொடுத்தது 1933-லேயே தற்செயலாக அகப்பட்ட ஒரு பொருள். டௌ கெமிக்கல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்த ரால்ஃப் வைலி, எப்படித் தேய்த்தும் போகாத ஒரு படிவைக் கண்டார். அதுதான் பின்னால் சரான் ஆனது. ஈரமும் காற்றும் எளிதில் கடக்க முடியாத மெல்லிய தாள். அதைப் பையாக்கியபின், வெந்நீரில் முக்கியதும் சுருங்கும்படி செய்தார்கள். போர் முடிந்த ஆண்டுகளில் அமெரிக்க வான்கோழிகள் பல இந்தப் பையில் கடைக்கு வந்தன. இன்று சிறு பண்ணைக்காரர்கள் வாங்கும் சுருங்கு பைகள் வேறு பிளாஸ்டிக் அடுக்குகளால் ஆனவை. முறை அதேதான்.

இவ்வளவும் எங்கோ நடந்திருக்க, கொங்கு நாட்டில் கோழி வேறு வழியில் பெருத்தது. உடுமலைப்பேட்டையில் 1984-ல் தொடங்கிய சுகுணா, பிராய்லரை ஒப்பந்த முறையில் வளர்க்கவைத்துக் காட்டைக் கோழிக்கொட்டகை ஆக்கியது. பிராய்லருக்கு வாரம் தவறாமல் வாங்க வண்டி வரும். நாட்டுக்கோழிக்கு அப்படி யாரும் வருவதில்லை, வளர்த்தவரே விற்க வேண்டும். வாங்க ஆளில்லாத பறவை என்ன பாடுபடுத்தும் என்பதைப் பெருந்துறை 2012-ல் பார்த்தது. இங்கே தலைமையிடம் வைத்திருந்த சுசி ஈமு ஃபார்ம்ஸ் அந்த ஆகஸ்டில் முதலீட்டாளர்களைக் கைவிட்டது. கொட்டகைகளில் பட்டினி கிடந்த ஈமுக்களுக்குக் கால்நடைத் துறைதான் தீனி போட்டது. அந்தக் கறிக்கு அறுப்புக்கூடமும் இல்லை, பொட்டலமும் இல்லை, தின்னப் பழகிய வாயும் இல்லை. நாட்டுக்கோழியின் பேரைச் சொல்லிப் பணம் திரட்டியவர்களும் அதே காலத்தில் விழுந்தார்கள். எத்தனை குடும்பம் நகையை விற்றுப் போட்ட பணம் அது என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பறவையை வளர்ப்பதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், அறுத்த பிறகு அது எங்கே போகும் என்று கேட்டவர்கள் குறைவு. அதே ஆண்டு இங்கே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. அப்போது ஃப்ரீசர் என்று பேசியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

இன்று கரண்ட் இருக்கிறது. பையும் கிடைக்கிறது. ஆனால் நம் கோழிக்கு நம் முறையில்தான் பை போட வேண்டும். பிராய்லரைப் போலத் தோலை உரித்தால் எங்கள் ஊரில் வாங்க மாட்டார்கள். அம்மாயி ஒரு நாள் உரித்த கோழியைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, தோலை உரிச்சுப்போட்டா அப்பறம் கோழில என்ன ருசி இருக்குது? மஞ்சத் தடவி வாட்டோணும்" என்றார். அவர் சொன்னபடியேதான் செய்கிறோம். அறுத்து ரத்தம் வடிந்தபின், அறுபது டிகிரி சூட்டு நீரில் முக்கி இறகு பிடுங்கி, மஞ்சளை அரைத்துப் பூசி, தென்னஞ்சோகை பற்றவைத்த தீயில் திருப்பித் திருப்பிக் காட்டுவோம். பூமுடி பொசுங்கித் தோல் விறைத்துப் பொன்னிறமாக வரும். தோலடியில் கொழுப்பு லேசாக உருகும் அந்த வாசத்துக்குத்தான் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர்கூட எட்டிப் பார்ப்பார்.

வாட்டிய சூட்டோடு பைக்குள் போடக் கூடாது. பென்னிங்டன் சொன்னது இங்கேதான் வருகிறது. குடல் எடுத்துக் கழுவியதும், நெஞ்சுச் சதைக்குள் தெர்மாமீட்டர் குத்தினால் நான்கு டிகிரிக்குக் கீழே காட்டும்வரை ஐஸ் தண்ணீரில் கிடக்க வேண்டும். பிறகு நீரை வடித்து ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். உயிர் போன சில மணி நேரத்தில் சதை விறைத்துக்கொள்ளும், அந்த விறைப்பு தளர நேரம் வேண்டும். விறைப்பு முடியுமுன் உறையவைத்தால், உருகும்போது சதை இழுத்துச் சுருங்கிவிடும். "பிரிட்ஜ் கோழி ரப்பர்" என்ற பேச்சு பெரும்பாலும் இந்த அவசரத்தில் பிறந்ததுதான். நம் வீடுகளில் அறுத்த கையோடு குழம்பில் போடுவதால் இந்த ஒரு நாள் ஓய்வு நமக்குப் பழக்கமில்லாத காரியம்.

அடுத்த நாள் காலை கால்களை வயிற்றோடு மடக்கிப் பைக்குள் இறக்கி, வாயை முறுக்கிக் கிளிப் போட்டு, நெஞ்சுக்கு மேலே ஊசியால் ஒரு சிறு துளை இடுவோம். எண்பத்தைந்து, தொண்ணூறு டிகிரி வெந்நீரில் முழுக்க அமுக்கினால், உள்ளே இருக்கும் காற்று அந்தத் துளை வழியே குமிழ்விட்டு வெளியேறும். கண்ணெதிரே பை சுருங்கித் தொடை இடுக்கிலும் இறக்கைக்கு அடியிலும் போய்ப் படியும். நாலைந்து நொடிதான், அதற்கு மேல் வைத்தால் தோல் வெந்துவிடும். துடைத்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி, மைனஸ் பதினெட்டில் உறையவிட வேண்டும். துண்டு போட்டு அடைப்பதை நான் விரும்புவதில்லை. வெட்டிய எலும்பு முனை பையைக் குத்திவிடும், குத்திய இடத்தில் உள்ளே பூப்பனி படரும். அப்படிப் படர்ந்த பையை முதலில் எடுத்துச் சமைத்துவிட வேண்டும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளைக்கழிச்சல் பரவும்போது, சாகுமுன் அறுத்து ஃப்ரீசரில் தள்ளிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். குளிர் அந்தக் கிருமியைத் தூங்கவைக்குமே தவிர ஒழிப்பதில்லை. நோய்க் கோழி குழிக்குள்தான் போக வேண்டும், தடுப்பூசியைப் பருவத்தில் போட்டால் பெரும்பாலும் அந்த நிலை வராது. விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

பைக்கு மேலே ஒட்டும் சீட்டு அந்த ஊசித் துளையின் மேல்தான் ஒட்டப்படுகிறது, துளையை அடைப்பதும் அதுவே. கடைப் பொட்டலத்தில் எடையும் விலையும் இருக்கும். நாங்கள் பொரித்த மாதம், அறுத்த தேதி, சேவலா, வெடக்கோழியா, முட்டையிட்டு ஓய்ந்த பெட்டையா என்று எழுதுகிறோம். வெடச்சேவல் என்றால் வறுவலுக்கு, முற்றிய பெட்டை என்றால் மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைக்க. கீழே ஒரு வரி: முந்தின நாள் ராத்திரியே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், வெந்நீரில் போட்டு உருக்காதீர்கள்.