கஃப் (மாதிரி வானூர்தி)

கஃப் என்பது வானொலி அலைகளால் கட்டுப்படுத்தப்பட்டு வெற்றிகரமாகப் பறந்த தொடக்ககால மாதிரி வானூர்திகளுள் ஒன்றாகும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கலமசூ நகரில், இரட்டையரான வால்ட்டர் குட், வில்லியம் குட் ஆகியோர் கல்லூரி மாணவர்களாக இருந்தபோது 1937-இல் இதனைப் பறக்கவிட்டனர். அக்காலத்தில் வானொலியால் கட்டுப்படுத்தப்படும் ஆயத்த மாதிரி வானூர்திகள் கடைகளில் கிடைக்கவில்லை. எனவே வானூர்தியை வால்ட்டரும் வானொலிக் கருவியை வில்லியமும் தம் கையாலேயே செய்தனர். அமெரிக்கத் தேசியப் போட்டியில் வென்ற கஃப், 1960-இல் சிமித்சோனியன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இன்று ஆயத்த வானூர்தி வாங்குவோர் இறக்கையையும் வாலையும் பூட்டி, மின்கலம் பொருத்தினால் போதும். எனினும் ஈர்ப்பு மையம் உரிய இடத்தில் உள்ளதா, சுக்கான் சரியான பக்கம் திரும்புகிறதா என்பவற்றைத் தரையிலேயே சோதிக்க வேண்டும். மேலே எழுந்தபின் இப்பிழைகளைத் திருத்த நேரமிருக்காது. வானூர்தி விழுந்து நொறுங்கும்.